மாதம் இரண்டு சனிக்கிழமை, பர்லியாரில் வாந்தி: பிரிந்து வாழும் பெற்றோரிடம் ஒரு கேள்வி

குன்னூர் நைட் ஷிப்ட்

வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், முதல் தடவை எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அடிதடி, குடி எதுவும் இல்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறோம். பையனுக்கு 9 வயது. பள்ளிக்கூடம் இங்கே குன்னூரில் என்பதால் என்னோடும் என் அம்மாவோடும் இருக்கிறான். அவன் அம்மா கோவை துடியலூரில் அவங்க அப்பா வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை நான் அவனைப் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரை கூட்டிப்போய் விட வேண்டும், ஞாயிறு சாயங்காலம் அதே பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டிவர வேண்டும். இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு, இதில் சண்டை இல்லை.

விஷயம் என்னவென்றால், கீழே போகும்போது, மலைப்பாதை நடுவில் இருக்கும் பர்லியார் வருவதற்குள் பையன் வாந்தி எடுத்துவிடுகிறான். ஒவ்வொரு தடவையும். மலைப்பாதை என்றால் வாந்தி வரும்தானே என்று நானும் எலுமிச்சம்பழம், மாத்திரை, முன் சீட் எல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் இதே பையன் மசினகுடிக்கு என் அக்கா வீட்டுக்கு கல்லட்டி வழியாக 36 வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறான். அங்கே ஒன்றும் ஆவதில்லை. டாக்டர் உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். பர்லியாரில் பஸ் டீக்கு நிற்கும், அங்கேதான் வெக்கை ஆரம்பிக்கும், எல்லோரும் சுவெட்டரைக் கழற்றுவார்கள். இவனும் கழற்றி மடித்துப் பையில் வைப்பான். வைத்ததும் பேச்சு நின்றுவிடும். அப்புறம் மேட்டுப்பாளையம் வரை ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேலே வரும்போதும் பர்லியார் வரை அப்படியேதான், சுவெட்டரைப் போட்ட பிறகுதான் வாய் திறப்பான்.

பிரிந்து வாழும் அப்பா அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?

கேத்தி தாத்தா

தம்பி, தப்பு எங்கே என்று நீங்களே முதல் பத்தியில் எழுதிவிட்டீர்கள். குடி இல்லை, அடி இல்லை, ஒத்துவரவில்லை. ஒத்துவருவது என்பது கல்யாணத்தன்று தட்டில் வைத்துக் கொடுக்கும் சாமானா? எங்கள் காலத்தில் பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் நாலு தடவை உட்கார்ந்து பேசுவார்கள், எதுவும் நடக்கவில்லை என்றால்தான் தீர்த்துவிடுவார்கள். இப்போது போனில் பிளாக் செய்வதோடு சரி. பிள்ளைக்காகவாவது சேர்ந்து இருந்திருக்கலாம்.

ஹட்டிப் பையன்

தாத்தா, பிள்ளைக்காகச் சேர்ந்து இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை நான். கேளுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டி, படுகர் கிராமம். என் அப்பாவும் அம்மாவும் பதினான்கு வருடம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அடுப்படி. அப்பா அடுப்போரம் குளிர் காய்வார், அம்மா மூன்றடி தள்ளி மாவு பிசைவாள், நடுவில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். "அரிசி தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." நான் திரும்பிச் சொல்ல வேண்டும், அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தாலும். "இலைக் காசு வந்ததும் வாங்கறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." மறுபடி இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நான்தான் அந்த வீட்டின் போஸ்ட்மேன், சம்பளம் கிடையாது. நாள் போகப் போக ஒன்று கற்றுக்கொண்டேன், வார்த்தையை மாற்றிக் கொடுப்பது. அவர் "அவளுக்கு வேற வேலையில்லை" என்றால் நான் "சரிங்கறாரு" என்று சொல்வேன். எட்டு வயதில் எனக்கு இருந்த வேலை அது.

ஹெத்தையம்மன் ஹப்பத்துக்கு, எங்கள் திருவிழாவுக்கு, இரண்டு பேரும் வெள்ளை உடுத்திப் பேரகணிக்குப் போவார்கள், பார்க்கிறவர்கள் என்ன ஜோடி என்பார்கள். ஊருக்கு அது போதும்.

இப்போது எனக்கு 31. பெங்களூரில் வேலை. மனைவி கோபமாக ஏதாவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை, வாய் பூட்டிக்கொள்கிறது, எழுந்து போய்விடுகிறேன். அவள் கேட்டாள், "உங்க வீட்டுல யாரும் சண்டை போட்டதில்லையா?" சண்டை போட்டுச் சமாதானம் ஆனதை நான் பார்த்ததே இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது.

எம்.எஸ்.டபிள்யூ. அக்கா

ஹட்டிப் பையன் சொன்னதை ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். பால் அமாட்டோ என்ற அமெரிக்க சமூகவியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து 1991ல் 92 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார், 13,000 பிள்ளைகளுக்கு மேல். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் படிப்பு, நடத்தை, மனநிலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கீழேதான் இருந்தார்கள், ஆனால் வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவு பெரிதில்லை. 1995ல் அவர் குழு வெளியிட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓயாத சண்டை நடக்கும் வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு நன்றாகவே இருக்கிறார்கள். சண்டை வெளியே தெரியாத வீட்டில் திடீரென்று பிரிந்தால்தான் பிள்ளை நிலைகுலைகிறது, ஏனென்றால் அதற்குக் காரணமே புரிவதில்லை.

நைட் ஷிப்ட் அண்ணா, உங்கள் வீடு இரண்டாவது வகை. உங்கள் பையனிடம் யாராவது உட்கார்ந்து ஏன் பிரிந்தீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்களா? நீ காரணம் இல்லை என்று? இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். பரீட்சையில் மார்க் குறைந்த அன்று நீங்கள் சண்டை போட்டிருந்தால் போதும்.

லயன் வீடு 7

எல்லாரும் பிரிந்ததால் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்கள். நான் பிரிந்ததால் என் பிள்ளைகள் தூங்கினார்கள்.

பந்தலூர் பக்கம் எஸ்டேட், தொழிலாளர்களுக்கான லயன் வரிசை வீடு. எங்கள் தாத்தா பாட்டி சிலோனில் இருந்து திரும்பி வந்தவர்கள், இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில். என் வீட்டுக்காரர் குடிப்பார். குடித்துவிட்டு வரும்போது லயன் ஓடு மேல் கல் விழும், அதுதான் வந்துட்டேன் என்பதற்கு அடையாளம். பெரியவள் அப்போது ஆறாவது. படுக்கும்போது சின்னவனின் செருப்பையும் தன் செருப்பையும் தலைமாட்டில் ஜோடியாக வைத்துக்கொண்டுதான் படுப்பாள். ஓட வேண்டி வந்தால் இருட்டில் தேட வேண்டாமே. அவர் போன பிறகும் மூன்று மாதம் அப்படியே வைத்தாள். ஒரு நாள் காலையில் பார்த்தேன், செருப்பு வெளியே வாசலில் கிடந்தது. அன்றைக்கு நான் அழுதேன், வேறு எதற்கும் அழவில்லை.

கோர்ட் செலவுக்கு என்ன செய்தேன் தெரியுமா? நம் மாவட்டத்தில் 2022ல் இருந்து காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். அவர் குடித்துப் போட்ட பாட்டிலை எல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வாய்தாவுக்கு பஸ் காசு அவர் புண்ணியம்தான்.

தாத்தா, மரியாதையாகத்தான் கேட்கிறேன், நான் எந்தப் பெரியவரிடம் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்? கங்காணி வீட்டிலா? அவரும் அதே கடையில்தான் இருப்பார்.

கேத்தி தாத்தா

அம்மா, உங்களைச் சொல்லவில்லை. கை நீட்டுகிறவனோடு இரு என்று நான் எழுதவில்லை. காரணம் இல்லாமல் பிரிவதைத்தான் சொன்னேன், அதை இப்போதும் சொல்வேன்.

வாய்தா

வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடம். தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷிப்ட் தம்பிக்கு: நீங்கள் சொல்வது இந்து திருமணச் சட்டம் 13பி, 1976ல் சேர்த்தது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டு 6 மாதம் கழித்துத்தான் தீர்ப்பு. இந்த 6 மாதம் கட்டாயமில்லை, சேர வழியே இல்லை, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் மாதிரி ஆட்கள் அவசரப்பட வேண்டாம். பிள்ளை ஏற்பாட்டைத் தேதி, நேரம், லீவு, தீபாவளி யார் வீடு, பொங்கல் யார் வீடு என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். "பேசிப் பார்த்துக்கலாம்" என்று விட்டதுதான் பின்னால் கேஸாகத் திரும்பி வருகிறது.

பிள்ளை யாரிடம் என்பது: 1956 சட்டப்படி 5 வயது வரை சாதாரணமாக அம்மாவிடம். அதற்கு மேல் பிள்ளைக்கு எது நல்லதோ அது. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்பதுண்டு. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு பக்கம் அப்பா வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட், இன்னொரு பக்கம் அம்மா வாங்கிக் கொடுத்த ஜூஸ், இரண்டையும் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதைப் பிரித்தாலும் கட்சி ஆகிவிடும் என்று அதற்குத் தெரியும். அப்பா அம்மா இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு கொடுக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015லேயே 257வது அறிக்கையில் எழுதியது. சட்டம் ஆகவில்லை.

லயன் வீடு தங்கச்சிக்கு: ஜீவனாம்சம் வருகிறதா?

லயன் வீடு 7

4,000 போட்டார்கள் அண்ணா. மூன்று மாதம் வந்தது. அப்புறம் திருப்பூர் போய்விட்டார் என்கிறார்கள்.

வாய்தா

விடாதீர்கள். பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும், தள்ளிப் போட்டால் பழைய பாக்கி போய்விடும். வாரண்ட் போடலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஜீவனாம்சத்துக்கு முன்பு 125வது பிரிவு என்று சொல்வோமே, 2024 ஜூலையில் இருந்து புதிய சட்டத்தில் அது 144வது பிரிவு, பெயர்தான் மாறியது. வக்கீலுக்குக் காசு வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் போட்டால் வழி சொல்வார்கள்.

நாலாங்கிளாஸ் டீச்சர்

நான் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். மலையில் அதுதான் பிரச்சினையே. கீழே ஒரு ஊரில் விவாகரத்தானால் தெரு தாண்டினால் யாருக்கும் தெரியாது. இங்கே காய்கறிக் கடையில் இருந்து சர்ச் வாசல் வரை தெரியும், பிள்ளைக்கு முன்னாலேயே விசாரிப்பார்கள், "அம்மா வந்துட்டாங்களா கண்ணு?"

ஒரு பெண் இருந்தாள். டைரியில் ஒவ்வொரு வாரமும் அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து இரண்டும் ஒழுங்காக இருக்கும். பல மாதம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தால் இரண்டு கையெழுத்தும் அதே பச்சை ஜெல் பேனா. அவள் பென்சில் பெட்டியில் இருந்த பேனா. அம்மா கிளம்பிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. குறும்பு செய்கிற பிள்ளை, மார்க் குறைகிற பிள்ளையை நாங்கள் கவனித்துவிடுவோம். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற பிள்ளைதான் கண்ணில் படுவதில்லை. அந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் 90க்கு மேல்.

தனிக்காட்டு ராஜா

ஆராய்ச்சி, சட்டம் எல்லாம் சரி. புருஷன் பெண்டாட்டிக்கு என்ன ஆகிறது என்று ஒருவரும் எழுதவில்லையே. நான் ஆறு வருடமாகத் தனி. ஊட்டியில் வாடகை வீடு. டிசம்பர் மாதம் பனி விழும் இரவில் வீட்டுக்குள் நுழைந்தால் வெளியே இருக்கிற குளிர் உள்ளேயும் இருக்கும், அடுப்பு எரியாத வீடு அப்படித்தான். முதல் வருடம் மூன்று வேளையும் பேக்கரி, வர்க்கியும் டீயும். சர்க்கரை வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன், "வீட்ல வரலையா" என்ற கேள்விக்கு பயந்து. நண்பர்கள் ஆறுதல் சொல்லக் கூப்பிட்டார்கள், எல்லாருடைய ஆறுதலும் ஒரே கடையில்தான் கிடைத்தது.

என் பெண் கோவையில் அம்மாவோடு. இப்போது ப்ளஸ் டூ. வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்ததில் இருந்து ஒரு வேடிக்கை. அவளைக் கொண்டுவந்து விட அவள் மாமா காரில் வந்தால் அவர் இ-பாஸ் எடுக்க வேண்டும், "பயணத்தின் நோக்கம்" என்று கேட்கிறது. சுற்றுலா என்று போட்டார்களாம். என் மகள் என்னைப் பார்க்கச் சுற்றுலா வருகிறாள்.

மூணாவது வளைவு

ராஜா அண்ணா, வருத்தம்தான், ஆனால் உங்களுக்கு வாடகை வீடு கிடைத்தது. எனக்குக் குன்னூரில் ஒன்பது வீடு பார்த்து எட்டில் "வீட்டுக்காரர் எங்கே வேலை" என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசியாச்சு. ஒன்பதாவது வீட்டில் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பொய் சொன்னேன். ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற என் ஏழு வயதுப் பெண்ணும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கார அம்மா "அப்பா போன் பண்ணாரா" என்று கேட்டதற்கு இவள் "நேத்து வீடியோ கால்ல பேசினாரு" என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

எம்.எஸ்.டபிள்யூ. அக்காவுக்கு ஒன்று. அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே வைக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம், சட்டப்படி தீர்க்காமல் பிரிந்து வாழ்கிறவர்கள் கிட்டத்தட்ட அதைப் போல மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கில் நானும் ஒருத்தி. விவாகரத்தும் இல்லை, குடும்பமும் இல்லை. ரேஷன் கார்டில் இன்னும் அவர்தான் குடும்பத் தலைவர், பெயர் பிரிக்கப் போனால் அவர் சம்மதக் கடிதம் கேட்டார்கள், அவர் இருக்கும் இடம் தெரிந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன். ஒன்றே ஒன்று சுலபமாக முடிந்தது, மகளுக்குப் பாஸ்போர்ட். 2016 டிசம்பரில் விதியை மாற்றி அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று வைத்துவிட்டார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. அக்கா

ஒத்துக்கொள்கிறேன். அங்கேயே அதில் ஒருமித்த கருத்து இல்லை. ஜூடித் வாலர்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1971ல் தொடங்கி கலிபோர்னியாவில் 60 குடும்பங்களை 25 வருடம் பின்தொடர்ந்து, காயம் பெரியவர்களான பிறகுதான் வெளியே வருகிறது என்றார். மேவிஸ் ஹெதரிங்டன் என்ற இன்னொரு உளவியலாளர் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்றார். ஆனால் ஒரு விஷயத்தில் பலரும் ஒரே பக்கம்: பிரிந்த பிறகும் சண்டை தொடர்ந்தால், அதிலும் பிள்ளையை நடுவில் வைத்துத் தொடர்ந்தால், அதுதான் கெடுக்கிறது. அதற்கு அமெரிக்கா, நீலகிரி வித்தியாசம் இல்லை என்று நினைக்கிறேன். நைட் ஷிப்ட் அண்ணா, சண்டை இல்லை என்கிறீர்கள். பையன் திரும்பி வந்ததும் என்ன கேட்பீர்கள்?

குன்னூர் நைட் ஷிப்ட்

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பேக்டரியில் இரவு இலை வாடும் வரை உட்கார்ந்திருப்பதுதான் வேலை, யோசிக்க நேரம் நிறைய.

கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன். "அங்க யார் வந்தாங்க, அம்மா யார்கூட போன்ல பேசினாங்க, தாத்தா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா." சாதாரணமாக விசாரிப்பது போலத்தான் கேட்பேன். என் அம்மா என்னைவிட மோசம், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பாங்க. நேற்று தைரியம் செய்து அவளுக்கு போன் போட்டுக் கேட்டேன், நீயும் கேட்பியா என்று. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் சொன்னாள், "நீ குடிக்க ஆரம்பிச்சுட்டியான்னு கேட்டேன், ஒரு தடவை." ஒரு தடவைதானா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் இன்னொன்று சொன்னாள், எனக்குத் தெரியாது. பையன் அங்கே போனதும் முதல் வேலையாகச் சுவெட்டரைப் பையில் இருந்து எடுத்து பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவானாம். ஒரு தடவை அவள் அப்பா அதைப் பார்த்து "இன்னும் இந்தக் கந்தலையா போட்டு அனுப்பறான் உங்கப்பன்" என்று சொல்லியிருக்கிறார். அதில் இருந்து.

ஹட்டிப் பையன்

அண்ணா, போஸ்ட்மேனுக்கு லீவு கொடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

கேத்தி தாத்தா

அந்தத் தாத்தா சொன்னது தப்பு. நானும் என் பேரனிடம் அவன் அப்பனைப் பற்றி இப்படித்தான் ஏதோ சொன்னேன், மூன்று வருடமாக அவனை என் கண்ணில் காட்டுவதில்லை. அதற்காகப் பிரிவது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, இரண்டு பக்கத்துக் கிழடுகளையும் உட்கார வைத்து வாயைக் கட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபம் ஒரு வருடத்தில் ஆறும், எங்களுக்கு ஆறாது, வேறு வேலையில்லை பாருங்கள்.

குன்னூர் நைட் ஷிப்ட்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கேட்டிருந்தவர்களுக்காக.

ஞாயிறு சாயங்காலம் எந்தக் கேள்வியும் இல்லை என்று இரண்டு வீட்டிலும் முடிவு. என் அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் கஷ்டம், இப்போது கேள்வி கேட்பதற்குப் பதிலாக ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போடுகிறாங்க. ஒரு தடவை விட்டு ஒரு தடவை அவளே குன்னூர் வரை வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்டில் பொருள் மாற்றுவது போல நிற்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகலாம் என்பதும் அவள் யோசனைதான். முதல் தடவை என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசினோம். பையன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடி சேரப் போகிறோம் என்று நினைத்துவிட்டானோ என்று எனக்குப் பயம். அன்றைக்கு இரவு அவனிடம் உட்கார்ந்து சொன்னேன், சேர மாட்டோம், நீ எதுவும் செய்ததால் இல்லை, இரண்டு பேரும் உனக்கு இருக்கிறோம் என்று. "தெரியும்" என்றான். தெரியாது என்று முகத்தில் எழுதியிருந்தது. இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று சனிக்கிழமை, நான் கொண்டு விடும் முறை. காட்டேரி தாண்டியாச்சு, ஒன்றும் இல்லை. பர்லியாரில் இறங்கினோம். சுவெட்டரைக் கழற்றி மடித்தான். மங்குஸ்தான் சீசன், ரோட்டோரம் குவித்து வைத்திருந்தார்கள், வேண்டும் என்றான். அரைக் கிலோ வாங்கினேன், அதில் பாதியைத் தனியாகக் கட்டச் சொன்னான், அம்மாவுக்காம். கடைக்கார அம்மாவும் தனியாகக் கட்டிக் கொடுத்தாங்க. கல்லாறு வருவதற்குள் தன் பங்கு முழுவதையும் தின்று முடித்து, மேட்டுப்பாளையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அவனே சொன்னான், "இது பழம் நிறைய தின்னதாலப்பா."